அசையாமல் நாலு விநாடி

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இடுப்பு வலி மட்டும் காலி செய்யாத குடித்தனக்காரர் மாதிரி கூடவே இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? அத்தானும் அவருடைய லிஃப்டுகளும் சுகமா?

போன வாரம் போன் செய்தேன். மூன்றாவது நிமிடமே சண்டையாகிவிட்டது. "எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு. எழுத்துல நீ குறுக்கே பேச முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். நீயும் குறுக்கே பேச முடியாது.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை வேலையை நான் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. அந்த வேலைக்காக நீ மேட்ரன் முன்னால் எத்தனை தடவை போய் நின்றாய் என்பது மறக்கவில்லை. நான் விட்ட அன்று நீ சொன்னதும் மறக்கவில்லை. "உன் படம் நாலு பேர் பார்க்கிற சுவத்துல தொங்கட்டும். அன்னைக்கு உன் வாசப்படியை மிதிக்கிறேன். அதுவரைக்கும் மாட்டேன்."

இப்போது ஒரு சுவர் தென்படுகிறது, அக்கா. இங்கே கட்டும் புது ரயில் நிலையத்தில், பயணிகள் காத்திருக்கும் கூடத்தில், முப்பது அடிச் சுவர். அதில் ஒரே ஒரு நிலக்காட்சிப் படம் மாட்டப் போகிறார்கள். தேர்ந்தெடுக்க மூன்று பேர் கொண்ட குழு. மே முடிவதற்குள் அனுப்ப வேண்டும்.

நான் எப்படி எடுக்கிறேன் என்று காட்ட ஒரு படத்தை அச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். போனில் அனுப்பினால் நீ பார்க்க மாட்டாய். பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்.

உன் தம்பி

---

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, அதுதான் சங்கடம். ஆஸ்பத்திரியில் எங்கள் தையல் அறைக்கு ஏறும் இருபத்திரண்டு படியையும் அது எண்ணி எண்ணிச் சொல்கிறது. உன் அத்தான் கவனிக்கும் லிஃப்ட் எல்லா மாடிக்கும் போகும், என் மாடிக்கு மட்டும் போகாது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை காமிராவுக்குத்தான் எல்லா உபசாரமுமா?

உள்ளதைச் சொல் என்றாய். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. மலை விளிம்பு முழுக்க வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. வானத்தைத் தனியாக வெட்டி மலைமேல் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது. புல் பச்சையாக இல்லை, பச்சை என்று கத்துகிறது. நான் ஒரு நாளைக்கு அறுபது போர்வை, உறை, அங்கி என்று கிழிசல் தைக்கிறவள். தையல் நோயாளியின் முதுகில் உறுத்தக் கூடாது, கண்ணிலும் படக் கூடாது. உன் படத்தில் தைத்த இடம் தெரிகிறது. மேட்ரனிடம் காட்டினேன், பிரமாதம் என்றார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தையல் என்றதும் ஞாபகம் வருகிறது. என் மஞ்சள் குடையில் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் அறையில் கழித்துப் போட்ட நீலத் துணியில் அந்த ஒரு பக்கத்தை மாற்றித் தைத்துவிட்டேன். அறையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நிறத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும், தையலைக் கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம்.

எக்ஸ்ரே அறையில் உன் இடத்துக்கு வந்தவர் ஏப்ரலில் வேறு ஊருக்குப் போகிறாராம். சும்மா தகவலுக்காக எழுதினேன்.

வாசப்படி விஷயத்தில் சொன்னது சொன்னதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
அக்கா

---

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? அத்தானைப் படிக்கட்டுக்கும் ஒரு மோட்டார் வைக்கச் சொல்.

பதில் எழுத ஆறு வாரம் ஆனதற்குக் காரணம், ஒரு வாரம் கோபம், ஐந்து வாரம் வேலை. கோபம் தீர்ந்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு இருக்கிறது. புல்லும் கத்துகிறது.

நம் கண், வெளிச்சமான வானத்தையும் இருண்ட பள்ளத்தாக்கையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ளும். காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வானத்துக்கு வெளிச்சத்தை அளந்தால் பள்ளத்தாக்கு கரியாகிவிடும், பள்ளத்தாக்குக்கு அளந்தால் வானம் வெறும் வெள்ளைத்தாள். அதனால் ட்ரைபாட் முக்காலியை நட்டு, ஒரே காட்சியை ஐந்து தடவை எடுக்கிறேன். முதல் படத்துக்கு ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம். பிறகு நாலு நாலு மடங்காகக் கூட்டி, ஐந்தாவது படத்துக்கு நாலு விநாடி. ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதியைக் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒரே படமாக்குகிறேன். இந்த ஆசை எனக்கு எங்கே வந்தது தெரியுமா? நீ வாங்கிக் கொடுத்த வேலையில்தான். எலும்புக்கு அளந்தால் சதை தெரியாது, சதைக்கு அளந்தால் எலும்பு சரியாக வராது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாதா என்று ஒன்பது வருடம் யோசித்தேன்.

சேர்க்கும்போது எனக்குப் பேராசை. நிழலில் இருந்த எல்லாவற்றையும் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டேன். இப்போது நிழலை நிழலாக விடப் பழகுகிறேன்.

சுவருக்கான இடம் கிடைத்துவிட்டது. இங்கிருந்து பதினேழாம் நம்பர் பஸ்ஸில் கடைசி நிறுத்தம், அங்கிருந்து ஒரு மணி நேர ஏற்றம். மேலே ஒரு தட்டைப் பாறை. கீழே ஆறு வளைந்து போவது முழுக்கத் தெரியும். பதினைந்தாம் தேதியிலிருந்து ஒரு வாரம் தினமும் மாலையில் அங்கே நிற்பேன். மழை விட்டு, மேகத்துக்கு அடியில் சூரியன் எட்டிப் பார்க்கும் ஒரு மாலை போதும். ஐந்து படம் முடிகிறவரை எதுவும் அசையக் கூடாது. யாராவது குறுக்கே நடந்தால் சேர்க்கும்போது பேய் மாதிரி அரைகுறையாக விழுவார்கள். நானே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

உன் தம்பி

---

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். முழங்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அந்த இருபத்திரண்டு படிதான், வேறொன்றும் இல்லை. உன் இடுப்புக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

முன்பே எழுதியிருக்க வேண்டும், நேரம் இல்லை. ஏப்ரல் பதினேழாம் தேதி மட்டும் முந்நூறு போர்வை வந்து குவிந்தது. அன்று முழுக்க மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மேட்ரனே சாட்சி.

ஒரு விஷயம். வேலைக்குப் போகும்போது தோள் தையல் விட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்காதே. பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அசிங்கமாக இருக்கும். ஊசி நூல் கூடவா இல்லை உன் வீட்டில்?

எக்ஸ்ரே அறைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். நல்ல பெண், சுறுசுறுப்பு. உன்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை.

படம் முடிந்ததும் அனுப்பு. அவசரப்பட்டுக் குட்டிச்சுவர் ஆக்கிவிடாதே.

நன்றாகத் தூங்கு.
அக்கா

---

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

வீக்கம் வடிந்ததா? டாக்டர்கள் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறாய், ஒருவரிடமாவது காட்டு. நான் நலம். இன்று ரொம்பவே நலம்.

குழுவுக்குப் படத்தை அனுப்பிவிட்டேன். உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன், உட்கார்ந்து பார். தற்பெருமை என்று சொன்னாலும் சரி, இதுவரை நான் எடுத்ததில் இதுதான் படம். ஏப்ரல் பதினேழாம் தேதி மாலை, மழை தூறி விட்டதும் மேகத்தின் அடி கிழிந்து வெளிச்சம் ஆற்றின்மேல் நீளமாக விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தையும் எடுத்தேன். பிறகு ஐந்து வாரம் உட்கார்ந்து சேர்த்தேன். மலை விளிம்பை விரலால் தடவிப் பார். கோடு இருந்தால் நான் எக்ஸ்ரே அறைக்கே திரும்பிவிடுகிறேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் கை வைக்க வேண்டியிருந்தது. இடது ஓரத்தில், பாதையில் இருக்கும் பெரிய பாறைக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒரு இழுவை. யாரோ வீசிய பிளாஸ்டிக் பை காற்றில் பறந்திருக்கும். துடைத்துவிட்டேன். இப்போது சுத்தமாக இருக்கிறது.

சட்டையைத் தைத்துவிட்டேன். மூன்று தடவை விரலில் குத்திக்கொண்டேன்.

உன் தம்பி

---

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் தேவலை. நீயும் உன் இடுப்பும் நலமாக இருக்க வேண்டும்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். தைத்த இடம் தெரியவில்லை. எங்கள் அறையில் ஏழு பேரும் தேடினார்கள், ஒருவருக்கும் அகப்படவில்லை. "யார் எடுத்தது?" என்று கேட்டார்கள். என் தம்பி என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

அந்த மஞ்சளைத் துடைத்தது நல்லதுதான். அந்தப் பைக்கு அங்கே என்ன வேலை.

அக்கா

---

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை ஓடவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் நிஜமாகவே கேட்கிறேன்.

குழு என் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஆனால் சரிபார்க்க ஐந்து மூலப் படங்களையும் கேட்டார்கள், அனுப்பினேன். குழுவின் தலைவி ஒரு கட்டடக் கலைஞர், கண் அப்படியொரு கண். நாலாவது, ஐந்தாவது படங்களில் பாதையில் ஒரு பெண்மணி நிற்கிறார், முடித்த படத்தில் அவர் இல்லை, ஒளியைச் சேர்க்கலாம், அங்கே இருந்த ஆளை நீக்கக் கூடாது என்று எழுதிவிட்டார். ஜூலை முப்பத்தொன்றுக்குள் அவரைப் படத்தில் திரும்பச் சேர்த்து, அவருடைய சம்மதக் கையெழுத்தையும் வாங்கி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சுவர் இரண்டாவதாக வந்தவருக்கு.

ஐந்தையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். முதல் இரண்டில் பாறை மட்டும். மூன்றாவதில் அவர் பாறைக்குப் பின்னாலிருந்து நடந்து வருகிறார். மஞ்சள் இழுவை அதுதான்; அந்த ஓரத்துக்கு இந்த மூன்றாவது படத்தை மட்டும் எடுத்துக்கொண்டதால் பிந்திய இரண்டையும் அங்கே பார்க்கவே இல்லை. நாலாவதில் நின்றுவிட்டார். ஐந்தாவதில், நாலு விநாடிப் படத்தில், புல் ஆடியிருக்கிறது, ஆறு பாலாகக் கலைந்திருக்கிறது, மேகம் நகர்ந்திருக்கிறது. அவர் மட்டும் அசையவில்லை. குடைக் கம்பியின் நுனி கூட அசையவில்லை. நான் எடுத்துக்கொண்டிருப்பது தெரிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எக்ஸ்ரே மேசையில் ஆயிரம் பேரிடம் "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொன்னவன் நான். சொல்லாமலே இப்படி நின்றவர் இவர் ஒருவர்தான். குடையைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

அவர் யார் என்று எனக்குத் தெரியாது. முகம் மிளகளவுதான் இருக்கிறது. உனக்கு நாலு பேரைத் தெரியும், விசாரித்துப் பார். சம்மதப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவருக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதே. போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன். ஆனால் அவரை மறுபடி துடைக்க மாட்டேன்.

உன் தம்பி

---

ஜூலை 19

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

உன் அக்கா பத்து நாளாக ஒரு தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். காலையில் எடுத்து, பேனாவைத் திறந்து, மூடி, திரும்ப அங்கேயே வைக்கிறாள். என்ன என்று கேட்டால், "லிஃப்டைப் போய்ப் பாருங்க" என்கிறாள்.

ஏப்ரல் பதினேழாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போர்வை எதுவும் வரவில்லை. அன்று அவளுக்கு லீவு. இதை நான் எழுதவில்லை.

அத்தான்

---

ஜூலை 25

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் சுகம். உன் அத்தான் யாருக்கோ கடிதம் எழுதியதாகக் கேள்வி. அவர் சொல்வதை நம்பாதே.

நீ சொன்னபடி விசாரித்தேன். அந்தப் பெண்பிள்ளை கிடைத்தாள். வயது நாற்பத்தெட்டு, முழங்கால் சரியில்லை, வாயும் கொஞ்சம் அதிகம். ஏன் அங்கே போனாய் என்று கேட்டேன். மலைப்பாதை யாருடைய வாசப்படியும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் போவேன் என்கிறாள். சரி, பார்த்த பிறகு கூப்பிட்டிருக்கலாமே என்றேன். கூப்பிட்டால் கை ஆடிவிடும் என்றாள். எடுத்து முடித்த பிறகாவது கூப்பிட்டிருக்கலாமே என்றேன். அதற்கு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டாள், நானும் தோண்டிக் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். படிவத்தில், படம் எடுத்தவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே என்ன எழுதுவது என்று நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். உள்ளதை எழுது என்றேன். எழுதியிருக்கிறாள், பார்த்துக்கொள்.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அவளைச் சேர்க்கும்போது தைத்த இடம் தெரியாமல் சேர்.

அக்கா

---

செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலுக்கு உறை மாதிரி ஒரு பட்டை வருகிறதாம். வாங்கி அனுப்பியிருக்கிறேன், முறைக்காமல் போட்டுக்கொள்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை கூடத்தைத் திறக்கிறார்கள். வா என்று நான் எழுதவில்லை. சுவர் ஆகிவிட்டது என்று மட்டும் எழுதுகிறேன்.

அன்று காலை பதினோரு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

உன் தம்பி

---

அக்டோபர் 9
புது ரயில் நிலையம், காத்திருக்கும் கூடம்

அன்புள்ள தம்பிக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. திறப்பு விழா முடிந்து நீ கிளம்பிப் போவதைத் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். புதுச் சட்டை, தோள் தையல் சரியாக இருக்கிறது. இப்போது உன் படத்துக்கு எதிரே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்கால் பட்டை உறுத்தவில்லை.

நாலு பேர் பார்க்கிற சுவர் என்றேன். இங்கே உட்கார்ந்த நேரத்தில் நாற்பது பேருக்கு மேல் ஆகிவிட்டது. பெட்டி இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் ரயிலையே விட்டுவிட்டார். எடுத்தது என் தம்பி என்று டிக்கெட் பரிசோதகரிடம் சொன்னேன், தண்ணீர் விற்பவரிடம் சொன்னேன், பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாளிடம் இரண்டு தடவை சொன்னேன். எனக்கு இவ்வளவு கர்வம் இருக்கும் என்று எனக்கே தெரியாது.

இடது ஓரத்தில் அவளையும் பார்த்தேன். என் கையளவுக்கு வந்திருக்கிறாள். நீலத் துணி தெளிவாகத் தெரிகிறது, தையல் தெரியவில்லை. உன்னுடையதும் தெரியவில்லை, என்னுடையதும் தெரியவில்லை.

இந்தத் தாளைத் திருப்பிப் பார். எக்ஸ்ரே அறை வேலைக்கான விண்ணப்பம். மேட்ரனிடம் மறுபடி போய் நின்று வாங்கியது. ஏப்ரல் பதினேழாம் தேதி இதைப் பையில் வைத்துக்கொண்டுதான் மலையேறினேன். போதும் இந்தக் கூத்து, கையெழுத்துப் போட்டுத் திரும்பி வா என்று சொல்ல வந்தேன். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன்.

பாறையைத் தாண்டியதும் பக்கவாட்டில் உன் தோள் தெரிந்தது. ஒரு கையில் காமிராவின் வயர், கண் வெளிச்சத்தில். ஒன்பது வருடம் அந்த எக்ஸ்ரே அறையில் உன்னைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் நீ அப்படி நின்றதில்லை. என் தம்பி தன் இடத்தில் நிற்கிறான் என்று தெரிந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். நீ முடித்ததும் கூப்பிட வாய் வரவில்லை, அழுதுகொண்டிருந்தேன். அந்த மூஞ்சியோடு உன் முன்னால் வர எனக்கு இஷ்டமில்லை. திரும்பி இறங்கிவிட்டேன். இந்தத் தாளை யாரிடமும் கொடுக்கவில்லை.

இனி நடந்து வந்து இதை உன் கதவிடுக்கில் தள்ளுவேன். படித்து முடித்ததும் கதவைத் திற. வாசப்படியில்தான் நிற்கிறேன். நாலு விநாடிக்கு மேல் என்னால் அசையாமல் நிற்க முடியாது.

அக்கா